பூச்சிப் படம் சரியாக வரவில்லையா? குறையைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க

தோட்டத்தில் பட்டாம்பூச்சியைப் படமெடுக்கத் தொடங்கியவர்கள் கொஞ்ச நாளில் "வேற கேமரா வாங்கணும்" என்கிறார்கள். அவசரம் வேண்டாம். பெரும்பாலும் குற்றம் கேமரா மேல் இருப்பதில்லை. அந்த நேரத்தில் பூச்சி என்ன வேலையில் இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கம், நாம் எவ்வளவு கிட்டே போனோம் என்ற மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். அதனால் இங்கே குறைகளையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் குறை எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம்.

நான் சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளித் தோட்டங்களுக்கு. மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் பூச்சியும் வேறு, பருவமும் வேறு.

பூ நிறைய இருக்கிறது, பட்டாம்பூச்சியே வருவதில்லை

முதலில் பூவைப் பாருங்கள். அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை, பந்து மாதிரி பூக்கும் ஒட்டுரகச் செண்டுமல்லி எல்லாம் நம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் அடுக்குப் பூக்களில் பொதுவாகத் தேன் குறைவு. இருக்கும் தேனையும் இதழ்களைத் தாண்டி உறிஞ்சுவது கஷ்டம். ஒற்றை அடுக்கு இட்லிப்பூ, பென்டாஸ், ஜினியா, சீமை நாயுருவி வைத்துப் பாருங்கள். தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பிடுங்காமல் ஒரு மூலையில் விட்டுவிட்டால், விரல் நக அளவுள்ள நீலப் பட்டாம்பூச்சிகள் அதைத் தேடி வரும்.

தேன் மட்டும் இருந்தால் வந்து குடித்துவிட்டுப் போய்விடும். தங்க வேண்டுமானால் முட்டையிட இலை வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் அதற்கென்று சில செடிகள்தான். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நாரத்தை. கறிவேப்பிலை அழகிக்குக் கறிவேப்பிலை. வெந்தய வரியனுக்கு எருக்கு. வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி. கொன்னை வெள்ளையனுக்குக் கொன்றை. ரோஜா அழகிக்கு ஆடுதின்னாப்பாளை. இடம் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் வைக்க வேண்டியதில்லை. இடுப்புயரக் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று வையுங்கள், அதுவே முட்டை, புழு, கூண்டு (கூட்டுப்புழு), பட்டாம்பூச்சி என்று வருஷத்துக்கும் படமெடுக்கப் போதும்.

அப்புறம் மருந்து. "வேப்பெண்ணெய்தானே, இயற்கைதானே" என்று பலர் அடித்துவிடுகிறார்கள். வேம்பில் உள்ள அசாடிராக்டின் புழு தோலுரிப்பதையே தடுத்துவிடும். மாவுப்பூச்சிக்கு அடித்தது எலுமிச்சை அழகியின் புழுவுக்கும் சேர்ந்துதான் விழும். புழுவுக்கென்று விட்ட தொட்டியில் எந்த எண்ணெயும் தெளிக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். பட்டாம்பூச்சி வெயிலில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டுதான் பறக்கும். நிழல் விழும் மூலையில் எவ்வளவு பூத்தாலும் கூட்டம் குறைவாகவே இருக்கும். மழை மாதங்களிலும் அதை ஒட்டியும், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, சமவெளியில் நன்றாகக் கண்ணில் படும். ஏப்ரல், மே மாதங்களில் குறைந்தால் அது உங்கள் தோட்டத்தின் குறை இல்லை.

வருகிறது, கிட்டே போனால் பறந்துவிடுகிறது

பட்டாம்பூச்சியின் கூட்டுக்கண் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் பார்க்கும். பின்னாலிருந்து போனால் தெரியாது என்று நினைப்பது நடக்காது. நம் உருவத்தைவிட அசைவும் நிழலும்தான் அதைக் கிளப்பும். அதனால் சூரியன் எங்கே என்று முதலில் பார்த்து, உங்கள் நிழல் பூவின் மேல் விழாத பக்கமாகப் போங்கள். போனையோ கேமராவையோ இரண்டு அடி தூரத்திலேயே முகத்துக்கு முன் உயர்த்திக்கொள்ளுங்கள். கிட்டே போன பிறகு கையைத் தூக்கினால் காரியம் கெட்டது. குனிந்து, மெதுவாக, நேர்கோட்டில். இறகை வெடுக்கென்று விரித்து மூடினால் அது உங்களைக் கவனித்துவிட்டது. அப்படியே நில்லுங்கள், தேன் குடிப்பதைத் தொடர்ந்ததும் மறுபடி நகருங்கள்.

இதைவிட முக்கியம், துரத்தாமல் இருப்பது. அது எந்த வேலையில் மூழ்கியிருக்கிறதோ அந்த வேலை நேரத்தைப் பிடியுங்கள். காலையில் வெயில் காயும்போது இறகை விரித்து உட்கார்ந்திருக்கும். ஈர மண்ணில் உப்புச்சத்து உறிஞ்சும் ஆண் பூச்சிகள் சீக்கிரம் கிளம்புவதில்லை. தோட்டத்தில் ஒரு அகலத் தட்டில் மணலும் கொஞ்சம் எருவும் போட்டு ஈரமாக வைத்திருங்கள். கிலுகிலுப்பைச் செடி கிடைத்தால் ஒரு கிளையை வாடவிட்டுத் தொங்கவிடுங்கள். வரியன்களும் கருப்பன்களும், குறிப்பாக ஆண்கள், அதிலுள்ள ஒரு காரத்தன்மை கொண்ட வேதிப்பொருளுக்காக மொய்க்கும். பெண்ணைக் கவரும் வாசனையும் எதிரிக்குப் பிடிக்காத கசப்பில் ஒரு பகுதியும் அதிலிருந்து அவற்றுக்கு வருகின்றன. காய்ந்த இலையைக் கீறிக்கொண்டு இருக்கும் அந்த நேரத்தில் முழங்கை தூரம்வரை போகலாம்.

மற்ற பூச்சிகளுக்கும் இதே கணக்குத்தான். தட்டான் பறந்து போனால் பின்னால் போகாதீர்கள், பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். துளசிப் பூவில் ஒரு நொடிகூட நிற்காத நீலப்பட்டைத் தேனீயைப் பகலில் படமெடுப்பது பெரும்பாடு. அந்தி சாயும் நேரத்தில் தேடிப் பாருங்கள்: ஆண் தேனீக்கள் ஒரு மெல்லிய தண்டை வாயால் கவ்விப் பிடித்தபடி வரிசையாகத் தூங்கும். பொழுது விடிந்து வெயில் ஏறும்வரை அசையாது.

பூச்சியைப் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்து, மரத்துப்போன பிறகு பூவில் உட்கார வைத்துப் படமெடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு படத்துக்காக ஓர் உயிரை வதைக்க நமக்கு உரிமை இல்லை. அந்தப் படங்களில் கால்கள் தொங்கி, உணர்கொம்பு துவண்டு கிடப்பது பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

படம் மங்கலாக இருக்கிறது

"மங்கல்" என்பது ஒரு குறை இல்லை, நாலைந்து குறைகளுக்கு ஒரே பெயர். படத்தைப் பெரிதாக்கி, இதில் எதாவது ஒன்று தெளிவாக இருக்கிறதா என்று தேடுங்கள். பதில் அங்கே கிடைக்கும்.

இலை, பூ, பூச்சி எல்லாமே ஒரே திசையில் இழுத்த மாதிரி இருந்தால் கை ஆடியிருக்கிறது. முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள், அல்லது முழங்காலில் ஊன்றுங்கள். திரையைத் தட்டுவதே போனை ஆட்டும்; ஒலி கூட்டும் பொத்தானை அழுத்திப் படமெடுப்பது நல்லது.

பூ தெளிவு, இறகு மட்டும் பஞ்சு மாதிரி இருந்தால் பூச்சி அசைந்திருக்கிறது. இங்கே எந்தப் பூச்சி என்பது முக்கியம். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி இரண்டும் தேன் குடிக்கும்போதும் இறகடிப்பதை நிறுத்தாது. பூவில் முழுப் பாரத்தையும் வைக்காமல் பாதி மிதந்தபடிதான் குடிக்கும். இவற்றுக்கு ஷட்டர் வேகம் (படம் பதிவாகும் நேரம்) 1/1000 நொடியாவது வேண்டும். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடு போனில் இருந்தால் ஷட்டரை அதில் நிலைநிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்த தெளிவான படம், புள்ளியில்லாத மங்கலான படத்தைவிட எவ்வளவோ மேல். வெந்தய வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் சாவகாசமாக உட்கார்ந்து குடிப்பவை. அவற்றுக்கு 1/250 போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த இரண்டில் ஆரம்பித்தால் மனம் சோராது.

பின்னாலுள்ள இலை கண்ணாடி மாதிரித் தெளிவு, பூச்சி மங்கல் என்றால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. மெல்லிய பூச்சியைவிட அகலமான இலையைப் பிடிப்பது கேமராவுக்குச் சுலபம். பூச்சி வருமுன்பே அது உட்காரப்போகும் பூவில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள்; பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு ஃபோகஸைத் தொடாமல் உடம்பை மட்டும் இம்மி இம்மியாக முன்னும் பின்னும் சாய்த்துக்கொண்டே தொடர்படங்களாக எடுங்கள். அதில் ஒன்றிரண்டு தைத்துவிடும்.

எதுவுமே எந்தத் தூரத்திலும் தெளியவில்லையா? ரொம்பக் கிட்டே போயிருக்கிறீர்கள். போனின் முதன்மைக் கேமராவுக்கு ஒரு குறைந்தபட்சத் தூரம் உண்டு. பல போன்களில் அது அரைச் சாண் அளவு இருக்கும், பெரிய சென்சார் உள்ளவற்றில் இன்னும் கூடும். பின்வாங்கி, 2 மடங்கு ஜூம் வைத்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். மலிவு போன்களில் தனியாக இருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைப் பட்டாம்பூச்சிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. 4 சென்டிமீட்டர் கிட்டே போக வேண்டும். அதற்குள் பூச்சி பறந்திருக்கும், பறக்காவிட்டாலும் போனின் நிழல் அதன் மேல் விழும். புழுவுக்கும் முட்டைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளிறியிருந்தால் லென்ஸைப் பாருங்கள். ஒன்று விரல் எண்ணெய், இல்லையென்றால் ஆவி. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ராத்திரி முழுக்க ஏசி அறையில் இருந்த கேமராவைக் காலையில் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் லென்ஸில் உடனே ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். பைக்குள் மூடியே வைத்து, கால் மணி அரை மணி நேரம் வெளியே பழகவிட்டுத் திறங்கள். முந்தின ராத்திரியே ஏசி இல்லாத அறையில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

தலை தெளிவு, இறகின் நுனி மங்கல்

கேமரா கெட்டுப்போகவில்லை, கிட்டப்படத்தின் இயல்பே அது. மேக்ரோ லென்ஸில் பூச்சியின் உண்மை அளவே சென்சாரில் விழும்படி நெருங்கினால், லென்ஸ் துளையின் அளவை எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். எஃப் 16 வரை மூடினால் 2 மில்லிமீட்டர்; அதற்கு மேல் மூடினால் படமே மொத்தமாக மென்மையாகிவிடும்.

ஆகவே ஆழத்தை அதிகமாக்குவதைவிட, இருக்கும் ஆழத்துக்குள் பூச்சியைக் கொண்டுவருவதுதான் வழி. இறகு மூடியிருந்தால் பக்கவாட்டில், கேமராவின் முதுகு இறகுக்கு இணையாக இருக்கும்படி நில்லுங்கள். இறகு விரித்திருந்தால் நேர் மேலிருந்து. சாய்வாக எடுக்கத்தான் வேண்டும் என்றால் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். கண் தெளிவாக இருந்தால் மற்றதைப் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். போனில் சென்சார் சின்னது என்பதால் இந்தத் தொல்லை குறைவு. அந்த விஷயத்தில் போன் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

வெள்ளைப் பட்டாம்பூச்சி வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது

பச்சை இலைகளுக்கு நடுவில் கொன்னை வெள்ளையன் உட்கார்ந்தால், கேமரா இருட்டான இலைகளுக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகின் நரம்பெல்லாம் வெளுத்துப் போகும். திரையில் பூச்சியைத் தொட்டதும் பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) திருத்தத்தை −0.7 வையுங்கள். கொஞ்சம் இருட்டாக விழுந்த படத்தை அப்புறம் தூக்கிவிடலாம், வெளுத்துப்போன இறகில் எதையும் மீட்க முடியாது. காலை பத்தரை மணிக்கு மேல் உச்சி வெயிலில் வெள்ளையும் மஞ்சளும் எடுப்பதையே நான் விட்டுவிட்டேன். மேகம் மூடும் வரை புழுக்களைத் தேடப் போய்விடுவேன்.

அரளியில் தொங்கும் வெள்ளிக் கூட்டை எடுத்தால் நானே தெரிகிறேன்

வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழுவைப் பார்த்திருக்கிறீர்களா? அரளி இலையின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் அளவில், தலைகீழாக, பாதரசத்தைத் துளியாக உறைய வைத்தது போலத் தொங்கும். மேல்தோலின் மிக மெல்லிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் பளபளப்பு அது, நிறமி எதுவும் இல்லை. எங்கள் வீட்டு வாசல் அரளியில் ஒன்றைக் கிட்டே பார்த்தபோது அதில் கேட், தெரு, எதிர்வீட்டு மாடி, போனைப் பிடித்த கை எல்லாமே வளைந்து தெரிந்தன.

எதிரொளிப்பதை நிறுத்த முடியாது. எது எதிரொளிக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். தள்ளி நின்று ஜூமில் எடுத்தால் உங்கள் உருவம் சின்னதாகி மறைந்துபோகும். ஒருவரை ஒரு பக்கம் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் முழுவதும் மிருதுவான வெள்ளியாக விழும், மற்றப் பக்கம் செடியின் பச்சை விழும். பொன்வண்டு, பளபளக்கும் மற்ற வண்டுகள் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். ஃபிளாஷ் போட்டே ஆகவேண்டும் என்றால் முன்னால் ஒரு வெள்ளைத் தாளையாவது பிடித்து மறையுங்கள்.

எதுவானாலும் இலையைக் கிள்ளி எடுத்து வசதியான இடத்தில் வைத்துப் படமெடுக்க வேண்டாம். அந்தப் பிடிப்பு அறுந்தால் வெளிவரும் பூச்சிக்கு இறகு சரியாக விரியாது.

புழு நேற்று இருந்தது, இன்று காணோம்

தினம் ஒரு படம் எடுத்து வளர்ச்சியைப் பதிவு செய்கிறவர்களுக்கு வரும் கவலை இது. முதலில் நன்றாகத் தேடுங்கள். எலுமிச்சை அழகியின் இளம் புழு பறவை எச்சம் மாதிரிக் கருப்பு வெள்ளையில் இருக்கும், பெரிதானதும் இலைப் பச்சைக்கு மாறும். நேற்றைய எச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தால் இன்றைய பச்சை கண்ணில் படாது. மாமரத்தில் பேரன் வகைப் பட்டாம்பூச்சியின் புழு இன்னும் கெட்டிக்காரத்தனம்: முதுகில் வெளிர்நிறக் கோடு ஒன்று ஓடும், அதை மாவிலையின் நடுநரம்போடு பொருத்திப் படுத்துக்கொள்ளும். சுற்றியுள்ள முட்கிளைகள் இலை நரம்புகளோடு கலந்துவிடும். இலையின் விளிம்பு தின்னப்பட்டிருப்பதையும் கீழே விழுந்த புழுக்கையையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முழு வளர்ச்சி அடைந்த புழு காணாமல் போனால் நல்ல செய்தியாகவே இருக்கலாம். கூண்டு கட்ட இடம் தேடித் தொட்டியின் விளிம்பு, ஜன்னல் கம்பி, பக்கத்துச் செடி என்று போயிருக்கும். கூண்டு சுற்றுப்புறத்துக்கு ஏற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் அது கருத்து, உள்ளே இறகின் வண்ணம் தெரிய ஆரம்பிக்கும். மறுநாள் விடிகாலையிலேயே போனோடு தயாராக இருங்கள். வெளியே வந்த பூச்சி இறகு உலரும்வரை மணிக்கணக்காக அதே இடத்தில் தொங்கும். எலுமிச்சை அழகியை ஆடாமல் அசையாமல், நிதானமாக எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

புழுவின் மேல் அரிசி நொய் மாதிரி வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அது ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. புழு பிழைக்காது. மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் அந்தக் குளவியும் உங்கள் தோட்டத்துப் பூச்சிதான், அதையும் படமெடுங்கள். சின்ன நீலன்களின் புழுவை எறும்பு சூழ்ந்திருந்தால் விரட்டாதீர்கள். புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன.

ராத்திரி விளக்குப் போட்டும் விட்டில் வரவில்லை. வந்தாலும் படத்தில் கோடு கோடாக விழுகிறது

வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி முன்னால் விளக்கு வைப்பது பழைய முறை, இன்றைக்கும் அதுதான் சிறந்தது. நிலா வெளிச்சம் இருந்தாலும், காற்று அடித்தாலும், பக்கத்திலேயே தெருவிளக்கு இருந்தாலும் கூட்டம் குறையும். மஞ்சள் எல்இடி விளக்குக்கு விட்டில்கள் அவ்வளவாக வராது. புற ஊதா ஒளி கலந்த விளக்குக்கு வரும். அமாவாசையை ஒட்டிய, புழுக்கமான, மழை பெய்து ஓய்ந்த ராத்திரியாகப் பாருங்கள். விளக்குக்கு வராதவற்றுக்குக் கருப்பட்டியும் அழுகின வாழைப்பழமும் பிசைந்து ஒருநாள் புளிக்கவிட்டு மரத்தில் தடவுங்கள். வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரிந்தால் கரிச்சானுக்கும் மைனாவுக்கும் காலை விருந்தாகிவிடும்.

படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுவது விளக்கின் துடிப்பால். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும்.

படம் பிரமாதம், பெயர்தான் கண்டுபிடிக்க முடியவில்லை

அழகான படமும் அடையாளம் காட்டும் படமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பட்டாம்பூச்சிக்கு இறகின் அடிப்பக்கம் கட்டாயம் வேண்டும். சின்ன நீலன்கள் மேலே ஒரே மாதிரி இருக்கும், அடியில் உள்ள புள்ளிகளில்தான் வித்தியாசம். விட்டிலுக்கு நேர் மேலிருந்து ஒன்று. முடிந்தால் இரண்டு பக்கமும் எடுங்கள்.

வேஷக்காரர்கள் ஏமாற்றுவது தனிக் கதை. கறிவேப்பிலை அழகியின் பெண்ணில் ஒரு வடிவம், பறவைகள் தொடாத ரோஜா அழகியைப் போலவே இருக்கும். இறகை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள்: உடம்பு சிவப்பாக இருந்தால் ரோஜா அழகி, கருப்பாக இருந்தால் கறிவேப்பிலை அழகி. வெந்தய வரியன் மாதிரியே இருக்கும் டானைட் எக்ஃப்ளை (Danaid Eggfly) என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண்ணுக்குப் பின்னிறகின் மேல் விளிம்பில் ஒரே ஒரு கரும்புள்ளி; உண்மையான வெந்தய வரியனுக்குப் பின்னிறகின் நடுவில் மூன்று நான்கு புள்ளிகள். புழுவிலும் ஒரு அடையாளம் உண்டு. எருக்கில் இருக்கும் வெந்தய வரியனுக்கு மூன்று ஜோடிக் கருப்புக் கொம்புகள், அரளியில் இருக்கும் கருப்பனுக்கு நான்கு ஜோடி.

படத்தை வைத்து உயிரினத்தின் பெயரைக் கண்டறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் போடும்போது சம்பந்தமில்லாத வெளிநாட்டுப் பெயர் வந்தால், படத்தில் இடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கிய படத்தில் இடமும் தேதியும் அழிந்திருக்கும், படமும் சுருங்கியிருக்கும். போனில் உள்ள மூலப்படத்தையே ஏற்றுங்கள். எந்தச் செடியில் பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அந்த ஒரு வரியை வைத்தே பல நேரம் யாராவது பெயர் சொல்லிவிடுவார்கள். ஜூலை கடைசி வாரத்தில் வரும் தேசிய விட்டில் வாரத்திலும், செப்டம்பரில் நடக்கும் பட்டாம்பூச்சி மாதத்திலும் போட்டால் பதில் இன்னும் சீக்கிரம் கிடைக்க வாய்ப்பு உண்டு.